நர்சிங் என்றால் எந்த நர்சிங்?

“டீச்சர், கவுன்சில் நம்பர்னா என்னங்க?”

ஒரு மாலை, பள்ளி விட்டு மாணவர்கள் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி வந்து கேட்ட கேள்வி இது. பத்தாம் வகுப்பில் என் வகுப்பில் இருந்தவள். மேல்நிலையில் வணிகவியல் பிரிவு எடுத்துத் தேர்ச்சி பெற்றவள். கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சான்றிதழ் வைத்திருந்தாள். தங்க நிற ஓரம், இரண்டு முத்திரை, மூன்று கையொப்பம். ‘நர்சிங்’ என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில், ‘அசிஸ்டென்ட்’ என்றும் இருந்தது.

ஓராண்டுப் பயிற்சி. கட்டணம் நாற்பதாயிரம் ரூபாய். அவளுடைய அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கட்டியிருக்கிறார். பயிற்சி முடிந்ததும் ஒரு மருத்துவமனைக்குச் செவிலியர் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். அங்கே கவுன்சில் பதிவு எண் கேட்டிருக்கிறார்கள். இவளிடம் அப்படி ஒன்று இல்லை. இருக்கவும் வழியில்லை.

இதில் என் பங்கும் உண்டு. சேர்வதற்கு முன் அவள் என்னிடம் தொலைபேசியில் கேட்டாள். “நர்சிங்தானே, நல்ல படிப்பு, சேர்ந்துக்கோ” என்று சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அவசரம். எந்த நர்சிங், எத்தனை வருடம், யார் அங்கீகாரம் என்று ஒரு கேள்வி கூட நான் கேட்கவில்லை. பி.எட். முடித்து இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியும், எனக்கே அந்த வேறுபாடு சரியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதைச் சக ஆசிரியர்களிடம் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் செவிலியர் படிப்பு. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுகள். ஜி.என்.எம். எனப்படும் பட்டயப் படிப்பு 3 ஆண்டுகள். துணைச் செவிலியருக்கான ஏ.என்.எம். 2 ஆண்டுகள். இவற்றை நடத்தும் நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வேண்டும். முடித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் மாநிலத்தில் இதற்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-ல் வந்தது. பதிவு எண் இல்லாதவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் செவிலியர் அல்ல. என் மாணவி கேட்ட ‘கவுன்சில் நம்பர்’ இதுதான்.

இதற்கு அடுத்து, இதிலிருந்து முற்றிலும் வேறான ஒரு தொழில் இருக்கிறது. பராமரிப்பு உதவியாளர் வேலை. தானாக எழவோ, குளிக்கவோ, உண்ணவோ, கழிப்பறை போகவோ முடியாத ஒருவருக்கு அவற்றில் துணை நிற்பது. மருத்துவமனை வார்டில் இதைச் செய்பவருக்கு ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ என்றும், வீட்டில் செய்பவருக்கு ‘ஹோம் ஹெல்த் எய்டு’ என்றும் திறன் பயிற்சித் திட்டங்களில் பெயர். ஊரில் ‘ஆயா வேலை’, ‘வார்டு பாய்’, ‘ஹோம் நர்ஸ்’ என்பார்கள். நம் பக்கத்தில் பாட்டியையும் ஆயா என்கிறோம். மருத்துவமனையில் மலம் அள்ளுபவரையும் ஆயா என்கிறோம். முதல் ஆயாவுக்குக் கொடுக்கும் மரியாதையை இரண்டாமவருக்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் பயிற்சி விற்பவர்கள் ‘அசிஸ்டென்ட்’ என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் போடுகிறார்கள்.

இந்த வேலை இழிவானது என்றோ, இந்தப் பயிற்சி வீண் என்றோ நான் சொல்ல வரவில்லை. அதன் அருமை என் வீட்டிலேயே எனக்குப் புரிந்தது.

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் செயலிழந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம் என்று நினைத்தோம். வேளைக்குச் சாப்பாடு, துவைத்த துணி, தினமும் உடம்பு துடைப்பது. மூன்றாவது வாரம் அவருடைய இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், ஒரு சிவப்புத் திட்டு. ‘ரத்த ஓட்டம் வரட்டும்’ என்று நான் அதன்மேல் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தேன். ஒரு வாரத்தில் அது புண்ணாகிவிட்டது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த நோய்த் தணிப்புச் செவிலியர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கிறீங்க?” நாங்கள் திருப்பவே இல்லை. காலையில் படுக்க வைத்தால் மாலை வரை அப்படியே. (இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் தன்னார்வலர், செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியோர் வீடு தேடி வருகிறார்கள். படுக்கையில் இருப்பவர் உள்ள மாணவர் வீடுகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.)

அந்தச் செவிலியர் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்ததை நான் மறக்க மாட்டேன். எலும்பு மேடாக இருக்கும் இடங்களில், அதாவது இடுப்பு, குதிகால், தோள்பட்டை, பிட்டத்தின் மேல்பகுதி ஆகியவற்றில், உடம்பின் எடை முழுதும் அழுந்தும்போது தோலுக்கு இரத்தம் போவது தடைபடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்ற வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மீண்டும் சிவக்க வேண்டும். அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் கூடாது. அது சுற்றிலும் இரத்தத்தைத் தடுக்கும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். அழுத்தம், பரப்பு, விசை என்றெல்லாம் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிற அறிவியல் ஆசிரியை நான். ஆணிப் படுக்கை உதாரணம் கூடச் சொல்வேன். என் வீட்டு மெத்தையில் அது எனக்குத் தெரியவில்லை.

முறையான பராமரிப்பு உதவியாளர் பயிற்சியில் இதுவே ஒரு பாடம். அதில் வேறு என்னவெல்லாம் உண்டு என்று விசாரித்தபோது, நாம் நினைப்பதைவிட அது நிறைய இருந்தது.

கை கழுவுதலில் தொடங்குகிறார்கள். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நக நுனி என்று வரிசை தவறாமல். படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பு மாற்றுவது, படுக்கையிலேயே குளிப்பாட்டுவது, வாய் சுத்தம், உடல் வெப்பம், நாடி, இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வைப்பது எல்லாம் உண்டு. குளிப்பாட்டும்போது உடலில் எந்தப் பகுதியைத் துடைக்கிறோமோ அதை மட்டுமே திறந்து மற்றதை மூடி வைக்க வேண்டும் என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். படுத்திருப்பவருக்கு அது சிறிய செய்தி அல்ல. எதைச் செய்வதற்கு முன்னும் “ஐயா, இப்ப உங்களைத் திருப்பப் போறேன்” என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். அவர் பேச முடியாதவராக இருந்தாலும் சொல்ல வேண்டும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது தனிக் கலை. பக்கவாதம் வந்தவருக்கு நல்ல பக்கத்தில் நாற்காலியைப் போட வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். தூக்குபவர் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, ஆளைத் தன் உடம்போடு சேர்த்துக்கொண்டு எழுப்ப வேண்டும். உணவு ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு கவளமாக, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தர வேண்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. படுத்த நிலையில் கஞ்சி ஊற்றுவது நம் வீடுகளில் அன்போடு செய்யும் தவறு. அது மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் தொற்றாகிறது. சிறுநீர்ப் பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும். மருத்துவக் கழிவில் எதை மஞ்சள் பையிலும் எதைச் சிவப்புப் பையிலும் போடுவது என்பதற்கு 2016-ன் விதிகள் உள்ளன. இறந்தவர் உடலை மரியாதையோடு கையாள்வதும் பாடத்தில் உண்டு.

எதைச் செய்யக் கூடாது என்பதும் பாடம்தான். ஊசி போடுவது, மருந்தின் அளவை மாற்றுவது, குழாய் செருகுவது இவை உதவியாளர் வேலை அல்ல. ‘ஹோம் நர்ஸ்’ என்று பெயர் வைத்து அனுப்பும்போது சில வீடுகளில் இவற்றையும் செய்யச் சொல்கிறார்கள். பெயரில் உள்ள பொய் இங்கேதான் ஆபத்தாகிறது. ஏதாவது தவறு நடந்தால் நிற்பது அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்.

என் மாணவியின் பயிற்சி நிலையத்தில் இவற்றில் எத்தனை சொல்லித் தந்தார்கள் என்று கேட்டேன். உடலின் உறுப்புகள் பற்றிக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்களாம். ஒரு பொம்மை இருந்ததாம். அதற்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்களாம். மருத்துவமனைக்கு அழைத்துப் போகவே இல்லை. பிறகு ஒரு முகவர் மூலம் பெங்களூரில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஐந்து மாதம் இருந்திருக்கிறாள். அந்த அம்மா நல்ல கனம். தினமும் தனியாகத் தூக்கித் தூக்கி இவளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வாரத்தில் ஒருநாள் கூட விடுப்பு இல்லை. படுக்கை அந்த அம்மாவின் கட்டிலுக்குக் கீழே. “ஆனா அந்தம்மா நல்லவங்க டீச்சர். நான் கிளம்புறப்ப அழுதாங்க” என்றாள்.

அவள் அந்த வேலையை வெறுக்கவில்லை. செவிலியர் என்று நம்பி வந்து உதவியாளராக நின்றதும், உதவியாளருக்கு உரிய பயிற்சியும் கிடைக்காததும்தான் அவளுடைய வருத்தம். இரண்டு பக்கமும் ஏமாற்றம்.

நல்ல பயிற்சி ஒரு கிராமத்துப் பெண்ணை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு நாம் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே அரூருக்கு அப்பால், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையில் சித்திலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993-ல் மருத்துவத் தம்பதியான ரெஜி ஜார்ஜ், லலிதா இருவரும் அங்கே ஒரு குடிசையில் சிகிச்சையைத் தொடங்கினார்கள். ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற அவர்களுடைய அமைப்பு இன்று மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. அவர்கள் வந்த காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் பிறக்கும் 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன என்று பதிவு செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து செவிலியர்கள் வந்து தங்கமாட்டார்கள் என்ற நிலையில், உள்ளூர் மலைவாழ் பெண்களையே, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களையும் சேர்த்து, சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அந்தப் பெண்கள் பிரசவம் பார்க்கவும் அறுவை அரங்கில் துணை நிற்கவும் தேர்ந்தார்கள். குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அங்கே நடந்ததற்கும் என் மாணவிக்கு நடந்ததற்கும் என்ன வேறுபாடு? அங்கே தினமும் பக்கத்தில் மருத்துவர் இருந்தார். உண்மையான நோயாளிகள் முன் கற்றார்கள். தவறு செய்தால் அந்த இடத்திலேயே திருத்தினார்கள். சான்றிதழில் தங்க ஓரம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

இந்த வேலைக்குத் தேவை கூடிக்கொண்டுதான் போகும். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், இந்திய அளவில் 8.6 சதவீதம்தான். பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விட, நம் ஊர்களில் வீட்டுத் திண்ணையில் இருப்பவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு, 2021 ஜூனில் ஒன்றிய அரசு ஒரு லட்சம் பேருக்கான குறுகியகாலப் பயிற்சியை அறிவித்தபோது, அதிலிருந்த ஆறு பணிகளில் வீட்டுப் பராமரிப்பும் ஒன்று. அரசின் வழியாகவே கட்டணமில்லாப் பயிற்சிகள் இருக்கின்றன. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தில் பதிவு பெற்ற மையங்கள் உண்டு. ஊரக ஏழை இளைஞர்களுக்குத் தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில் தங்கிப் படிக்கும் வசதியும் உண்டு. நாற்பதாயிரம் கட்டுவதற்கு முன் இவற்றைத் தேடியிருக்கலாம். நான் முதல்வன் திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டல் வகுப்பு எடுக்கும் நாம் பொறியியல், மருத்துவம், கலை அறிவியல் என்று பேசிவிட்டு இந்த இடத்துக்கு வரும்போது மணி அடித்துவிடுகிறது.

ஒரு மாணவியோ மாணவனோ “நர்சிங் சேரலாமா?” என்று கேட்டால், இப்போது நான் முதலில் கேட்பது, “முடிச்சா கவுன்சில்ல பதிவு பண்ண முடியுமா?” என்பதுதான். முடியும் என்றால் அந்த நிறுவனத்தின் பெயர் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று சேர்ந்தே பார்க்கிறோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பட்டமோ பட்டயமோ படித்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் சொல்கிறேன். வசதியில்லை என்று மூன்றாண்டுப் படிப்பை விட்டு ஓராண்டுப் பயிற்சிக்குப் போகும் பெண்ணுக்கு அது முடிவை மாற்றக்கூடிய தொகை. பதிவு செய்ய முடியாது, உதவியாளர் பயிற்சிதான் என்றால், மருத்துவமனையில் எத்தனை நாள் பயிற்சி, தேர்வு நடத்திச் சான்று தருவது யார், அவர்களே நடத்தி அவர்களே தருகிறார்களா என்று கேட்கச் சொல்கிறேன். எங்கே சேர்ந்தாலும் அசல் மதிப்பெண் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வராதே என்றும் சொல்கிறேன். அதைத் திரும்ப வாங்க அலைந்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் தங்கிப் பார்க்கும் வேலை என்றால் கேள்விகள் வேறு. எங்கே தூங்குவாய், வார விடுப்பு உண்டா, சம்பளம் உன் வங்கிக் கணக்கில் வருமா, முகவர் எவ்வளவு பிடிப்பார்? ஏதாவது ஆனால் அழைக்க 181 என்ற எண் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

வயது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்கும் பெண்ணுக்குப் பதினைந்து, பதினாறு வயது. பராமரிப்பு வேலைக்குப் பதினெட்டு நிறைய வேண்டும். நம் மாவட்டத்தில் அந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் என்ன நடக்கிறது என்பதை வருகைப் பதிவேட்டில் நாமே பார்க்கிறோம். பெயர் நீக்குகிறோம், பிறகு கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு பேருந்து நிறுத்தத்தில் பார்க்கிறோம். ‘பத்தாவது போதும், நர்சிங் வேலைக்கு அனுப்பிடலாம்’ என்று பெற்றோர் சொன்னால், அந்த வேலைக்கும் இன்னும் வயது வரவில்லை, அதுவரை மேல்நிலை படிக்கட்டும் என்று சொல்ல நமக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. மேல்நிலைத் தொழிற்கல்வியிலேயே செவிலியம் ஒரு பாடப்பிரிவாக இருக்கிறது. அருகில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம். 1098 என்ற எண்ணையும் சொல்லி வைக்கிறேன், பெற்றோரிடம் அல்ல, பிள்ளைகளிடம்.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அழுத்தம் பற்றிய பாடம் வந்தபோது, ஆணிப் படுக்கையோடு நிறுத்தவில்லை. இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, ஒரு மாணவனைப் படுக்க வைத்து, எந்தெந்த இடம் பலகையில் அழுந்துகிறது என்று அவனையே சொல்லச் சொன்னேன். பிறகு அவனைப் பக்கவாட்டில் திருப்பவும், எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கவும் முயன்றார்கள். மாணவிகள் நன்றாகச் செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் கையைப் பிடித்து இழுத்தார்கள், ஒருவனைத் தவிர. கடைசி பெஞ்சு. கணக்கில் எப்போதும் ஒற்றை இலக்க மதிப்பெண். அவன் முழங்காலை மடக்கி, படுத்திருந்தவனின் முதுகுக்குப் பின்னால் ஒரு கையைக் கொடுத்து, “எழுப்பப் போறேன்டா, என் தோளப் புடிச்சிக்கோ” என்று சொல்லிவிட்டு எழுப்பினான்.

“எங்கடா கத்துக்கிட்ட?”

“எங்க ஆயாவ நான்தான் டீச்சர் தெனமும் தூக்குவேன். அம்மா அஞ்சு மணிக்கே வேலைக்குப் போயிடும்.”

காலை வழிபாட்டுக்கு அவன் தாமதமாக வருவதற்காக ஜூன் மாதத்திலிருந்து அவனை வெளியே நிற்க வைத்துக்கொண்டிருந்தோம்.

என் பழைய மாணவி இப்போது அரசுத் திட்டத்தில் ஒரு மையத்தில் முறையான பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். மருத்துவமனைப் பயிற்சி தொடங்கிவிட்டதாகப் போன வாரம் பேசினாள். குழுக் கடனில் இன்னும் பதினொரு தவணை பாக்கி இருக்கிறது.